எந்தக் கப்பல்ல போறது?

இந்த வருஷம் ட்ரிப் எங்கே என்று பேசத் தொடங்கி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் சண்டை. ஒரு கட்சி கித்துல்கல: களனி கங்கையில் ராஃப்டிங். இன்னொரு கட்சி மிரிஸ்ஸ: திமிங்கிலம் பார்க்கிற படகு. புதுசாக் கல்யாணம் முடிச்ச நண்பர் ஒருத்தர் மொரிசியஸ் விளம்பரம் ஒன்றைப் போட்டுவிட்டுக் காணாமல் போனார். எரிமலையில் பிறந்த தீவு, நீலக் கடல், ஒரு நாள் 'கெட்டமரான்' பயணம், மதியச் சாப்பாடும் சேர்த்து. விலையைப் பார்த்துட்டு யாரும் பதில் போடல. கடைசியில் ஒரு தங்கச்சிதான் கேட்டாள்: "காங்கேசன்துறையில இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுதே, அதுல போனா என்ன?"

அதோட சண்டை நின்றது. ஆனால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எங்களில் ஒருவனின் அப்பாயி தெரணியகல பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் இருக்கிறார். "நாங்க கப்பல்ல ஊருக்குப் போகப்போறோம் அப்பாயி" என்று பேரன் சும்மா சொல்லியிருக்கிறான். அவர் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: "யாரு யாரு பேரு வந்திருக்கு?"

நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரல. எந்தப் படகில் போகலாம், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காசு என்று நாங்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி, எங்கள் ஆட்களில் யாராவது எப்பவாவது ஒப்பிட்டுப் பார்த்திருப்பாங்களா? கேகாலை, இரத்தினபுரி தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள், அதைத் தெரிவு செய்தது யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தோம். இந்தக் கட்டுரை அதுதான்.

முதலில் அந்த மொரிசியஸ் விளம்பரத்தைச் சொல்லிவிடுகிறோம். உல்லாசப் பயணிகள் ஏறுகிற 'கெட்டமரான்' வேறொன்றும் இல்லை, நம்ம கட்டுமரம். சொல் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குப் போய், வெள்ளை வெளேர் என்று பாய் கட்டி, குளிர்ந்த பானத்தோடு திரும்பி வந்திருக்கிறது. அந்தத் தீவுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்களும் உண்டு. போர்ட் லூயியில் அவர்கள் இறங்கி ஏறிய கற்படிகள் உள்ள 'ஆப்ரவாசி காட்' 2006 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னம். பக்கத்துத் தீவான ரீயூனியனில் எரிமலை இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது, அங்கேயும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே போனவர்களுக்குக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த ஒப்பந்தம் ஒன்றாவது இருந்தது. இலங்கைக்கு வந்தவர்களுக்கு அதுவும் கிடையாது. கங்காணியின் வாய்ச்சொல்லும் கடனும்தான்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பாம்பன், தொண்டி, தேவிபட்டினம் பக்கக் கரைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 2023இல், மலையகம் 200 என்று நாம் நினைவுகூர்ந்த வருஷத்தில், தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களில் இரண்டு பேர் அதில் கொஞ்ச தூரம் நடந்தோம். ஆனால் ஒன்று சொல்லணும். நம்ம கதையை எல்லாரும் அந்த ஒற்றைப் பாதையிலேயே சொல்லிச் சொல்லி, சப்பிரகமுவைக்கு வந்த பாதை மறந்தே போச்சு.

யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொழும்புதான் கிட்ட. ரயில் வருவதற்கு முன் இந்தப் பகுதிக்கு ஆறுதான் ரோடு. களனி கங்கையிலும் களு கங்கையிலும் சிங்களத்தில் 'பாருவ' என்கிற தட்டைப் படகுகள் ஓடின. மேலே வரும்போது உப்பும் கருவாடும், கீழே போகும்போது பாக்கும் பிறகு தேயிலையும். இன்றைக்கு நாங்கள் ராஃப்டிங் போக ஆசைப்படுகிற அதே களனி கங்கைதான், கீழ்ப்பக்கம். குறுகிய பாதை ரயில் 1903 அளவில் யட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. றப்பர் பரவிய காலமும் அதுவே. புதுக் காடு வெட்ட, கன்று நட, பால் வெட்ட ஆள் வேணும். அப்படி வந்தவர்களில் பலருக்கு வாசல் தூத்துக்குடி–கொழும்பு நீராவிக் கப்பல்.

இந்தப் பாதையில்தான், கொஞ்ச காலத்துக்கு மட்டும், உண்மையாகவே 'எந்தக் கப்பல்ல போறது' என்ற கேள்வி இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தனியாட்டம் ஆடிய கடலில், 1906 ஒக்டோபரில் வ.உ.சிதம்பரம்பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். அடுத்த வருஷமே எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. போட்டி தொடங்கியது. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்க, சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்க, கடைசியில் வெள்ளைக்காரன் "சும்மா வாங்க, குடையும் தர்றோம்" என்றான் என்று கதை. இன்றைக்கு பஸ் கம்பெனி ரெண்டு அடிச்சுக்கிட்டா நமக்கு லாபம் என்கிற மாதிரி. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இந்தக் கதையை நாங்களும் பெருமையாகத்தான் பள்ளிக்கூடத்தில் கேட்டோம். இப்போது திரும்பப் படிக்கும்போது வேறு ஒரு கேள்வி வருகிறது. டிக்கட் கவுண்டரில் நின்று இந்தக் கப்பலா அந்தக் கப்பலா என்று பார்க்க முடிந்தது யாரால்? வியாபாரிக்கு முடியும். கொழும்பில் கடை வைத்தவருக்கு, சொந்தக் காசில் வந்த பயணிக்கு முடியும். தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு வரப்பட்டவருக்கு? அவருக்கு இருந்தது தகர டிக்கட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை இது. தோட்டத்தின் இலக்கம் அடித்த சின்னத் தகரத் தகடு ஒன்று. அதைக் காட்டினால் காசு கொடுக்காமலே ரயில், கப்பல், முகாம், மறுபடி ரயில் என்று தோட்ட வாசல் வரை போகலாம். கேட்க வசதியாகத்தான் இருக்கு. ஆனால் செலவு முழுக்க தோட்டத்துக் கணக்கில் எழுதி, பிறகு அவர் தலையில் கடனாக இறங்கும். பொட்டலத்துக்கு விலாசம் ஒட்டுகிற மாதிரி மனுஷனுக்குத் தகரம். கட்டணம் ஒரு ரூபாயா அரை ரூபாயா என்கிற சண்டை அந்தத் தகட்டைத் தொடவே இல்லை.

தோட்டத்துக்கு வந்த பிறகும் இதே கதைதான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக, கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேணும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கியது. இரண்டு கரையிலும் ரயில், நடுவில் சுமார் 35 கிலோமீற்றர் கடல். கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர். தோட்டத்துக்கு வருகிறவர்கள் ஏறுவதற்கு முன் மண்டபம் முகாமில் நாள் கணக்காகத் தங்கி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே விடப்பட்டார்கள். இந்தியக் கரையில், இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. அந்தப் பெயரை மறந்துவிடாதீங்க, திரும்ப வரும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது உங்களுக்குத் தெரிந்த கதை. கப்பலோடு சேரும் இடம் 1964 ஒக்டோபர் 30. சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 975,000 பேர் கணக்கு வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். (பார்த்தார்கள், 1974இல், ஆளுக்குப் பாதியாக.) இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே இல்லாமல் போனது. ஆட்களை ஏற்றி அனுப்ப ஒப்பந்தம் போட்டாச்சு, ஏற்றி இறக்கும் துறைமுகம் கடலுக்குள்ள. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. எங்கள் வீடுகளில் பெயர் சொல்லி ஞாபகம் வைத்திருக்கிற 'ராமானுஜம்' கப்பல் ஓடியது அந்தப் பாதையில்தான்.

இந்த ஒப்பந்தத்தில் வெளிப்பார்வைக்கு ஒரு தெரிவு இருந்தது. இந்தியாவா, இலங்கையா என்று ஒவ்வொருவரும் விண்ணப்பம் போடலாம். போட்டபோது என்ன நடந்தது பாருங்க. இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய 525,000ஐ எட்டவே இல்லை. இலங்கைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய 300,000ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சனம் தன் விருப்பத்தைத் தெளிவாகத்தான் சொல்லியிருக்கு. ஆனால் கணக்கு முன்னாடியே எழுதியாச்சு. 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது, கணக்கு எழுதியவர்களுக்கு அது உதவியாகக்கூட இருந்திருக்கும்.

ஒரே வீட்டில் அண்ணனுக்கு அங்கே, தம்பிக்கு இங்கே. அப்பாயி கேட்ட "யாரு யாரு பேரு வந்திருக்கு" அந்த நாட்களின் கேள்வி. பெயர் வந்துவிட்டால் சாமான் விற்று, கோயிலில் கும்பிட்டு, தலைமன்னார் ரயில் ஏறணும். அந்த ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். போய் இறங்கினால் மறுபடியும் மண்டபம் முகாம். கூலியாக வரும்போது நோய் பார்த்த அதே இடம், இப்போது 'தாயகம் திரும்பியோர்' தங்கும் இடம். பிறகு போர்க்காலத்தில் அகதிகள் முகாமும் அதே.

சப்பிரகமுவையில் இந்தக் கதை இன்னும் கொஞ்சம் கடுமை. நுவரெலியா மாதிரி இங்கே நாங்கள் பெருந்தொகை இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே ஒரு டிவிஷன், இரண்டு லயம் என்று சிதறிக் கிடக்கிறோம். 1977இலும், 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களிலும், பிறகு 1983இலும் லயங்கள் எரிந்தன. "அடிக்கிற காலத்துல கப்பலே மேல்" என்று பெட்டி கட்டியவர்கள் உண்டு. வவுனியாவுக்குப் போனவர்கள் உண்டு. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறக் கப்பல் இல்லாமல் இங்கேயே நின்றுவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில். 2003இல் வந்த குடியுரிமைச் சட்டம்வரை பலருக்கு எந்தக் கரையும் சொந்தமில்லை.

சரி, ட்ரிப்புக்கு வருவோம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் 'செரியபாணி' என்ற கப்பலோடு தொடங்கி, சில நாட்களிலேயே மழைக்காலம் என்று நின்று, 2024 ஆகஸ்ட்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடியது. சுமார் 150 பேர் ஏறலாம், நான்கு மணித்தியாலம் அளவில். சிவகங்கை! எங்களில் ஒருத்தனின் பூட்டன் அந்தச் சீமையில் இருந்து வந்தவர்தான். பெயர் வைத்தவர்கள் அதை நினைத்திருக்க மாட்டாங்க.

விசாரித்ததில் தெரிந்தது: வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் இதை நம்ப முடியாது. மிரிஸ்ஸ இதற்கு நேர்மாறு, நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைதான் அங்கே கடல் அமைதி. கித்துல்கலவுக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். கப்பலுக்கு இரண்டும் வேணும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஒன்பது பேரில் கடவுச்சீட்டு இருப்பது நான்கு பேருக்கு. ஒருத்தியின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சர்வசாதாரணம். திருத்த அவள் மூன்று தடவை லீவு போட்டுக் கந்தோர் ஏறியாச்சு.

அதனால் இந்த வருஷம் கித்துல்கல. கப்பல் அடுத்த வருஷம், ஒன்பது பேருக்கும் கடவுச்சீட்டு வந்த பிறகு, இல்லையென்றால் யாரும் போறதில்லை என்று முடிவு. நாலு பேர் மட்டும் முன்னாடி போகலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அதை யாரும் ஒத்துக்கல.

அப்பாயியிடம் போய்ச் சொன்னோம். அவருடைய தங்கச்சி ராமானுஜம் கப்பலில் போனவர். கூடலூரில், திரும்பிப் போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு திறந்த 'டேன்டீ' தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார். கடைசிக் கடிதம் வந்து வருஷம் பல ஆச்சு. டிரங்குப் பெட்டியில் இருந்து அந்த உறையை எடுத்து நீட்டினார். விலாசத்தை போனில் படம் எடுத்துக்கொண்டோம். டிக்கட் எவ்வளவு என்று கேட்டார். போக வர சேர்த்து இவ்வளவு என்று சொன்னோம்.

"வர்றதுக்கும் சேர்த்தா?" என்றார். ஆமா என்றோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.