தேகுக் இல் ஜாங்

தேகுக் இல் ஜாங், கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் எட்டு தேகுக் வடிவங்களில் முதலாவது. எதிராளி நிற்பதாகக் கருதி, தடுப்பு, குத்து, உதை ஆகியவற்றை வரிசை மாறாமல் தனியே செய்யும் இத்தகைய பயிற்சி வடிவத்துக்குப் பூம்சே என்று பெயர்.

வரலாறு

கொரிய டேக்வாண்டோ சங்கம் 1970களின் தொடக்கத்தில் தேகுக் வரிசையை உருவாக்கியது. அதற்குமுன் வழக்கில் இருந்த பல்குவே வடிவங்களின் இடத்தை அது பிடித்தது. சியோல் நகரில் 1972இல் திறக்கப்பட்ட டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் இன்றும் இவ்வரிசையைப் பாடத்திட்டத்தில் வைத்துள்ளது.

குறியீடு

வடிவம் அரை நூற்றாண்டுப் பழமையுடையது. அதன் குறியீடோ சீனத்தின் தொன்மையான யீ சிங் நூலிலிருந்து வருவது. அந்நூலின் எட்டு முக்கோட்டுக் குறிகளில் ஒவ்வொன்றும் ஒரு தேகுக் வடிவத்துக்கு உரியது. முதல் வடிவத்துக்கு உரியது ‘கொன்’. முறிவற்ற மூன்று கோடுகளாலான இக்குறி வானத்தையும் ஒளியையும் படைப்பின் தொடக்கத்தையும் சுட்டும். தென்கொரியக் கொடியின் இடது மேல் மூலையிலும் இதைக் காணலாம்.

அசைவுகள்

இக்குறியின் மூன்று கோடுகளும் தரையில் மூன்று குறுக்குப் பாதைகளாகின்றன. நடுப்பாதை ஒன்று அவற்றை இணைக்கிறது. உதையையும் அதைத் தொடரும் குத்தையும் ஒன்றாக எண்ணினால் அசைவுகள் 18. குறுக்குப் பாதைகளில் இயல்பான நடையளவில் கால் வைக்கும் நடைநிலை. நடுப்பாதையில் முன்முழங்காலை மடக்கி ஊன்றும் நீண்ட முன்நிலை.

முதல் பாதையில் இடப்புறம் திரும்பி, எதிர்த் தோளருகிலிருந்து கையை இறக்கிக் கீழ்த்தடுப்பு. அடுத்த அடியில் நடுமார்பு உயரத்தில் குத்து. இரண்டாம் பாதை வலப்புறம் தொடங்கும். இங்கே தடுப்பு மார்பளவுக்கு உயரும். முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையே தடுப்பதால் இடுப்பைத் திருப்பும் பழக்கம் வரும். மூன்றாம் பாதையில் நெற்றிக்கு முன் முகத்தடுப்பு; வடிவத்தின் இரண்டு முன்னுதைகளும் இங்கேதான். தடுப்புகள் இப்படிப் படிப்படியாக மேலேறுவதால், வானைக் குறிக்கும் வடிவத்தில் அடிவயிறு, மார்பு, முகம் என மூன்று உயரங்களையும் காக்க மாணவர் பழகிவிடுகிறார்.

இறுதியில் புறப்பட்ட திசைக்கே திரும்பி ஒரு கீழ்த்தடுப்பு, பிறகு கிஹாப் எனும் முழக்கத்துடன் ஒரு குத்து. சரியாகச் செய்தவர் தொடங்கிய இடத்திலேயே முடிப்பார். அடியின் நீளம் பிசகினால் அது அங்கே தெரிந்துவிடும்.

இன்றைய நிலை

பூம்சே போட்டிக்குத் தனி உலக சாம்பியன்ஷிப் 2006இல் சியோலில் தொடங்கியது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பதக்கப் பிரிவாகவும் சேர்ந்தது. அந்த மேடைகளில் ஆடப்படும் கடினமான வடிவங்களுக்கும் நிற்கும் நிலை, திரும்பும் முறை, கை செல்லும் பாதை ஆகியவற்றின் அடித்தளத்தை இல் ஜாங்தான் இடுகிறது.