‘வேறு எவ்வழியிலும்’ பிறந்த கதை

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டு வெடித்தது. ராஜீவ் காந்தியோடு வேறு பலரும் உயிரிழந்தார்கள். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. விசாரணை, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் இருக்கும் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில். 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வரின் தூக்கை மட்டும் உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. நடந்தது கொலை, கொலைச் சதி. ஆனால் தடா சொல்லும் பயங்கரவாதச் செயலுக்கான நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்ற வழக்கிலேயே நோக்கத்தை அவ்வளவு கறாராக எடைபோட்டார்கள்.

பயங்கரவாதச் செயல் எது என்பதற்குத் தடாவில் இன்னொரு வரம்பும் இருந்தது. வெடிகுண்டு, டைனமைட், துப்பாக்கி, நஞ்சு, நச்சுவாயு என ஓர் ஆயுதப் பட்டியல். அவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அந்த வரம்பு இருந்தும் நாடு முழுக்கச் சுமார் 76,000 பேர் தடாவில் பிடிபட்டார்கள். தண்டனை பெற்றவர்கள் மிகச் சொற்பம். 1995இல் சட்டம் காலாவதியானது.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்தது. அடுத்த மார்ச்சில் கூட்டுக் கூட்டம் கூட்டி பொடா என்ற புதிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஆயுதப் பட்டியலின் வாலில் புதிதாகச் சில சொற்கள் ஒட்டிக்கொண்டது அப்போதுதான்: ‘வேறு எவ்வழியிலும்’. ஆயுதமே இல்லாத செயலும் இனி உள்ளே வரலாம். பொடாவை ஆதரித்த கூட்டணியில் இருந்த மதிமுகவின் பொதுச்செயலாளர் வைகோ, திருமங்கலம் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று அதே ஆண்டு ஜூலையில் அதே சட்டத்தின் வேறொரு பிரிவில் கைதானார். ஒரு மேடைப் பேச்சுக்கு 19 மாதச் சிறை.

2004இல் பொடா ரத்தானது. அதன் பயங்கரவாத அத்தியாயம் மட்டும் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கு, அதாவது உபாவுக்கு, குடிபெயர்ந்தது. ‘வேறு எவ்வழியிலும்’ என்ற சொற்கள் அப்போது விடுபட்டன; நல்ல காரியம். ஆனால் 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல். அதற்கு அடுத்த மாதமே நிறைவேறிய திருத்தத்தில் அவை திரும்பி வந்தன. கூடவே 43டி(5) என்ற பிரிவும் வந்தது: போலீஸ் தாக்கல் செய்த காகிதங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையாகத் தெரிந்தால் நீதிபதி ஜாமீன் தரக் கூடாது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம்.

உபாவின் பிரிவு 15ஐ இப்போது படித்துப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் நோக்கத்தோடு, வேறு எவ்வழியிலேனும், சமூகத்துக்கு அத்தியாவசியமான பொருள்களையும் சேவைகளையும் தடைப்படுத்தினால் அது பயங்கரவாதச் செயல். நோக்கத்தைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம். வழியும் எதுவாகவும் இருக்கலாம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த டெல்லி மாணவர்கள் மீதான வழக்கில் சாலை மறியலே இதற்குள் கொண்டுவரப்பட்டது. போராடும் உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நடுவிலுள்ள கோடு மங்குகிறது என்று 2021 ஜூனில் மூவருக்கு ஜாமீன் கொடுத்தது டெல்லி உயர் நீதிமன்றம். அந்த உத்தரவை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அசாமில் அதே குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த விவசாயிகள் தலைவர் அகில் கோகோய் 2019 டிசம்பரில் உபாவில் கைதானார். சிறையிலிருந்தபடியே சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தார். 2021 ஜூலையில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டு வெளியே வந்தார். ஒன்றரை வருடத்தை அவருக்கு யார் திருப்பித் தருவது?

இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் சாலைதான் தொழிலாளியின் மேடை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை பார்த்தவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவுக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். இரண்டிலும் சாதாரணச் சட்டமே பாய்ந்தது. அதனால்தான் கைதானவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். சாம்சங் சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. பிரிவு 15இன் அந்தச் சொற்களை நாடாளுமன்றம் 2004இல் ஒருமுறை விட்டுவிட்டது. இன்னொரு முறையும் நீக்கலாம். அதுவரை மறியலில் உட்காருபவர் மீது எந்தச் சட்டம் பாய வேண்டும் என்பதை வழக்கு எழுதுகிற அதிகாரிதான் முடிவு செய்வார்.