'மலேசிய ஓக்' மேசை வாங்கப் போகிறீர்களா? ரப்பர் மரப் பலகையை அறிந்துகொள்ளுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தளவாடக் கடைகளில் சில மேசைகளை 'மலேசிய ஓக்' என்று சொல்லி விற்பதுண்டு. அது ஓக் மரம் அல்ல. நம் தோட்டப்புற மக்கள் தலைமுறைகளாகப் பால் வெட்டிய அதே ரப்பர் மரத்தின் வணிகப் பெயர் அது. மலாயில் 'காயு கெத்தா'. வீட்டுக்கு ஏற்ற நல்ல மரம்தான். ஆனால் ஓக் விலை கொடுத்து வாங்கக் கூடாது.

விறகிலிருந்து தளவாடத்திற்கு

சுமார் 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரங்களை வெட்டி மறுநடவு செய்வார்கள். முன்பு அவை பெரும்பாலும் விறகாகின. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்திலும் எரிந்தன. இம்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை படியும்; வண்டும் துளைக்கும்.

அறுத்த பலகையில் உடனே போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் இம்மரத்தை ஆராய்ந்தது. 1980களில் ஏற்றுமதித் தளவாடத் தொழில் வளர்ந்தது. ஜொகூரின் மூவார் அதன் முக்கிய மையம்.

தன்மை

இளமஞ்சள் நிறம், சில வேளை லேசான இளஞ்சிவப்பு. உலர்ந்த பலகை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ எடை இருக்கும். அறுக்கவும் இழைக்கவும் எளிது. சாயம் நன்றாகப் பிடிக்கும். உலர்ந்த பின் அதிகம் சுருங்காது. அமெரிக்க வெள்ளை ஓக் இதைவிடக் கனமானது, கடினமானது. அதன் நுண்துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் நீர் எளிதில் ஊறாது. மதுப் பீப்பாய்கள் செய்வதும் அதனால்தான். ரப்பர் மரத்திற்கு அந்தத் தாங்குதிறன் இல்லை.

எதற்கு உதவும்?

மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி, வீட்டினுள் படிக்கட்டு, பொம்மை ஆகியவற்றுக்கு ஏற்றது. வாசல் கேட், மழை படும் ஜன்னல் சட்டம், குளியலறை ஆகியவற்றுக்கு வேண்டாம். வெளிவேலைக்குப் பாலாவ் போன்ற கடினமரமே சரி.

கடையில் பார்க்க வேண்டியவை

• மேசையின் ஓரத்தைப் பாருங்கள். மேற்பரப்பின் மரவரி வெட்டுமுனையிலும் தொடர்ந்தால் அது முழுப்பலகை. உள்ளே மரத்தூள் தெரிந்தால், மேலே ஒட்டியது மெல்லிய தாள் அல்லது மரச்சீவல்தான்.

• சிறு துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை குறையல்ல. ரப்பர் மரத்தில் நீளமான நேர்த்தண்டு குறைவு. அதனால் ஒட்டுவது வழக்கம்.

• அடிப்பகுதியில் குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு இருக்கிறது. வாங்காதீர்கள்.

• ரசீதில் 'ஓக்' என்று மட்டும் எழுதினால், எந்த மரம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் ஈரத்துணியால் துடைத்ததும் உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். தரை கழுவும்போது கால்களில் நீர் தேங்க விடாதீர்கள். இப்படிப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.