ஊசிக்கு முன் ஒரு கேள்வி

ஃப்ளூ காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவி, தடுப்பூசி பற்றாக்குறை வந்தால் யாருக்கு முதலில் போடுவது? 2005-ல் அமெரிக்காவில் இதைப் பொதுமக்களைக் கூட்டிவைத்தே கேட்டார்கள். நம் மாநிலத்தில், யாரும் கேட்காமலே ஒருவர் வாய் திறந்த கதை உண்டு.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை இந்தியாவில் 1948-ல் போடத் தொடங்கினார்கள். மருந்து தயாரானது சென்னை கிண்டியில். சில வருடங்களில் அது பெரிய இயக்கமாகி, பள்ளிக்கூடங்களுக்கே ஊசி வந்துவிட்டது. 1955-ல் ராஜாஜி எதிர்த்தார். முந்தைய வருடம்வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர்! பலன் உறுதியாகாத ஒன்றை இத்தனை குழந்தைகள் உடம்பில் ஏற்றலாமா என்று கேட்டு, புத்தகமே போட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கவுர் அசைந்து கொடுக்கவில்லை. ஊசி தொடர்ந்தது.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1968-ல், எங்கள் கலவைக்குக் கிழக்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரிய சோதனை ஒன்று ஆரம்பமானது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பேர். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. 15 வருடம் கண்காணித்ததன் முழு முடிவு 1999-ல் வெளியானது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை.

அதனால் ராஜாஜி சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து இந்த ஊசி காப்பாற்றுகிறது. பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். ஆனால் பி.காம். மாணவனாகச் சொன்னால், செலவு செய்து முடித்தபின் கணக்கு எழுத உட்கார்ந்த கதைதான் இது.