ஊர் கூடி மீட்ட ஏரி



பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் வேணும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயலில் இட்ட மணிச்சத்து நெல்லைத் தேற்றும். அதே சத்து ஏரியில் கரைந்தால்? அங்கே நெல் இல்லை, பாசிதான் இருக்கிறது. அது தின்று கொழுக்கும். இப்படிப் பாசி கொழுத்து, குளிக்க லாயக்கில்லாமல் போன ஒரு ஏரியைச் சுற்றுவட்டார ஜனங்களே ஓட்டுப் போட்டு, பணம் கட்டி மீட்ட கதையை இன்றைக்குச் சொல்கிறேன். நடந்தது அமெரிக்காவில், சியாட்டில் நகரத்துப் பக்கம்.

அந்த ஏரிக்கு வாஷிங்டன் ஏரி என்று பெயர். நீளம் சுமார் 35 கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 200 அடிக்கு மேல். நம்ம ஏரி மாதிரி பாசனத்துக்கு வெட்டினது இல்லீங்க, இயற்கையாக உண்டானது. கோடை வந்தால் பிள்ளைகள் நீந்துவதும், பெரியவர்கள் படகு விடுவதும், மீன் பிடிப்பதும் அதில்தான். மேற்குக் கரையில் சியாட்டில். 1940-ல் ஏரிமேல் மிதக்கும் பாலம் ஒன்று போட்டார்கள். அப்புறம் கிழக்குக் கரையிலும் வீடுகள் பெருகின. ஊருக்கு ஊர் தனி நிர்வாகம், தனிச் சாக்கடை. 1941-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் சுமார் பத்துச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏரிக்குள் தண்ணீர் விட ஆரம்பித்தன.

இங்கே ஒன்று கவனிக்கணும். பெரும்பாலும் அவர்கள் சுத்தம் செய்துதான் விட்டார்கள். ஆனால் அந்த நாள் சுத்திகரிப்பில் அழுக்கு போகும், நாற்றம் குறையும், மணிச்சத்து போகாது. தெளிந்து வருகிற தண்ணீரில் அது கரைந்தே இருக்கும்.

1955-ல் அங்குள்ள சர்வகலாசாலைப் பேராசிரியர் எட்மண்ட்சன் என்பவரின் ஆராய்ச்சிக் குழு ஏரித் தண்ணீரில் ஒரு பாசியைக் கண்டது. ஆசிலட்டோரியா ருபெசென்ஸ் என்று அதற்குப் பெயர். நெல் வயலில் நாம் விடுகிற நீலப்பச்சைப் பாசிக்குச் சொந்தக்காரன். ஆனால் இவன் காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக் கொடுக்கிறவன் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் ஸூரிச் ஏரி கெட்டுப்போகையில், 1898-ல், அங்கே தலைகாட்டியதும் இதே பாசிதான். அந்த ஏரி பட்ட பாடு பேராசிரியருக்குத் தெரியும். இன்னும் சில வருஷத்தில் இதுவும் நாறப் போகிறது, கழிவை நிறுத்தினால் சீக்கிரமே தெளியும் என்று அவர் சொன்னார். நோய் முற்றும் முன்னே நாடி பிடித்துச் சொன்ன வைத்தியர் என்றுதான் அவரை நினைக்கத் தோன்றுகிறது.

வைத்தியர் சொன்னால் போதுமா? ஒரு ஊர் தன் கழிவை நிறுத்தி, பக்கத்து ஊர் விட்டுக்கொண்டே இருந்தால் ஏரிக்கு என்ன லாபம்? எல்லா ஊரும் சேர்ந்து ஒரே அமைப்பு வேணும் என்று ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வக்கீல் பாடுபட்டார். 1957-ல் மாநிலச் சட்டசபை அதற்குச் சட்டம் செய்தது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. சியாட்டிலுக்குள் பெரும்பான்மை ஓட்டு கிடைத்தால் போதாது. வெளி ஊர்களிலும் தனியாகப் பெரும்பான்மை கிடைக்கணும்.

1958 மார்ச்சில் ஓட்டு நடந்தது. சியாட்டில் சரி என்றது, வெளி ஊர்கள் வேண்டாம் என்றன. பெரிய ஊர் நம்மை விழுங்கிவிடும், வரி ஏறும் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. போதாததற்குச் சாக்கடையோடு போக்குவரத்து, நகரமைப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய மூட்டையை யார் தூக்குவார்கள்? பிறகு எல்லிஸ் கூட்டத்தார் மூட்டையை அவிழ்த்தார்கள். சாக்கடையை மட்டும் வைத்து, எல்லையையும் சுருக்கி, செப்டம்பரில் மறுபடி கேட்டார்கள். பெண் வாக்காளர் சங்கத்தார் ஆதரவு திரட்டினார்கள். தண்ணீர் கெட்டது, குளிக்காதே என்ற பலகை பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிற படம் ஒன்று பிரசாரத்தில் பேசப்பட்டது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் சரி என்றன.

செலவு சுமார் 14 கோடி டாலர். ஏரியைச் சுற்றிப் பெரிய குழாய்கள் பதித்து, கழிவைத் திருப்பி, புது நிலையங்களுக்குக் கொண்டுபோய்க் கடல் பக்கம் விட்டார்கள். 1963-ல் முதல் திருப்பம், 1968-ல் வேலை முடிந்தது. ஏரியின் நோயைக் கடலுக்கு மாற்றினார்களா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. கடலோரத்து வெஸ்ட் பாயிண்ட் நிலையம் 1966-ல் திறந்தபோது முதல் கட்டச் சுத்திகரிப்புதான் நடந்தது. அடுத்த கட்டம் 1990-களில்தான் வந்தது.

ஏரி தெளிந்ததை எப்படி அளந்தார்கள் தெரியுமா? வட்டமான வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் கணக்கு. நிலைமை மோசமாக இருந்த 1960-களின் நடுவில் இரண்டரை அடியிலேயே தட்டு மறைந்துவிடும். 1968-ல் பத்தடி வரை தெரிந்தது.

பேராசிரியர் இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். கழிவு நின்றதும் ஏரியில் மணிச்சத்து வெகுவாக இறங்கியது. தழைச்சத்து அவ்வளவு இறங்கவில்லை. பாசி மணிச்சத்தோடு சேர்ந்தே இறங்கியது. இதை 1970-ல் வெளியிட்டார். ஏரியைக் கெடுப்பது எந்தச் சத்து என்று அந்நாளில் பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. சோப்புத் தூள் கம்பெனிகளுக்கெல்லாம் அதில் அக்கறை. நமக்கும் இதில் விஷயம் இருக்குங்க. மழையில் வரப்பு உடைந்து மேல்மண் ஓடினால், மண்ணில் ஒட்டின மணிச்சத்தும் கூடவே ஏரிக்குப் போகிறது. டி.ஏ.பி. மூட்டைக்குக் கொடுத்த காசும்தான்.

1976 வாக்கில் ஏரி இன்னும் தெளிந்தது. கடுகளவு நீர்ப்பூச்சி ஒன்று பெருகிப் பாசியை மேய்ந்துவிட்டது. அதைத் தின்கிற சிறு இறால் குறைந்துபோனது அதற்கு ஒரு காரணம்.

ஊர்கள் சேர்ந்து அமைத்த அந்த அமைப்பு 1994-ல் கவுண்டி நிர்வாகத்தோடு சேர்ந்துவிட்டது. கோடையில் குளிக்கும் துறைகளில் தண்ணீர் எடுத்துக் கிருமி பார்க்கிற வேலை இன்றும் நடக்கிறது. கணக்கு ஏறினால் அந்தத் துறையை மூடுகிறார்கள், இறங்கினால் திறக்கிறார்கள்.