அந்தலுஸின் வயல்கள்: மெய்யும் மிகையும்

மீலாது மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் நாம் அடிக்கடி செவியுறும் செய்தி ஒன்றுண்டு. ஐரோப்பியர் உழவின் நுட்பம் அறியாது கிடந்த காலத்தில், ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களே நெல், கரும்பு, பருத்தி, ஆரஞ்சு, பேரீச்சை ஆகிய அனைத்தையும் அந்நாட்டிற்கு அளித்தனர். வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சக் கற்பித்தோரும் அவர்களே என்பது அச்செய்தி. கேட்கும்போது நம் நெஞ்சம் நிமிர்கின்றது. ஆயினும், இதனை அப்படியே நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாமா? நாளை அவர்கள் கல்லூரியில் இதைக் கூறி, கற்றோர் ஒருவர் சான்று கேட்டால் என் செய்வர்? ஆகவே அதனை நாமே நிறுத்துப் பார்ப்பது நன்று.

இக்கூற்றுக்கு ஆராய்ச்சி வடிவம் தந்தவர் ஆண்ட்ரு வாட்சன் என்னும் வரலாற்றறிஞர். 1974-இல் ஒரு கட்டுரையிலும் 1983-இல் ஒரு நூலிலும், இஸ்லாமிய உலகின் தொடக்க நூற்றாண்டுகளில் 18 பயிர்கள் கிழக்கிலிருந்து மேற்கே பரவின என்றும், அதனால் உழவில் பெரும் புரட்சியே நிகழ்ந்தது என்றும் அவர் எழுதினார். அறிஞர் உலகம் அதனை ஆவலுடன் படித்தது, மறுப்பும் எழுந்தது. 2009-இல் மைக்கேல் டெக்கர் என்பார், அப்பட்டியலிலுள்ள நெல், பருத்தி, கடின கோதுமை போன்றவை இஸ்லாத்திற்கு முன்பே ரோமானிய, பாரசீகப் பேரரசுகளில் பயிராயின எனச் சான்றுகளுடன் காட்டினார்.

அச்சான்றுகளை எளிதில் தள்ள இயலாது. மகா அலெக்சாந்தரின் படையுடன் சென்றோர் பாபிலோனிய நாட்டில் நெல் விளைந்ததைக் குறித்துள்ளனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய ஆசிரியர் பிளினி, எகிப்தின் தென்பகுதியில் பருத்தி விளைந்ததைக் கூறுகின்றார். முதலாம் அப்துர் ரஹ்மானே ஸ்பெயினில் பேரீச்சையை முதன்முதல் நட்டவர் என்பது நம்மிடையே வழங்கும் இனிய கதை. ஸ்பெயின் கடற்கரையில் பேரீச்ச மரங்கள் உண்டு, ஆனால் அவற்றின் கனி நன்கு பழுப்பதில்லை என்று அதே பிளினி எழுதிவிட்டார். அப்துர் ரஹ்மான் அந்நாட்டில் கால் வைத்ததோ கி.பி. 755-இல். குர்துபாவை அடுத்த ருஸாஃபா தோட்டத்திற்கு அவர் சிரியாவிலிருந்து நல்லினக் கன்றுகளைத் தருவித்தார் என்பதே பொருத்தமானது. மாதுளையும் அவ்வாறே: மரம் பழையது, 'ஸஃபரி' என்ற இனம் புதியது.

இனி நீர்ப்பாசனத்தைக் காண்போம். 1979-இல் ஸ்பெயினின் பொத்தொரீத்தா என்னும் ஊரில் ஒரு வெண்கலத் தகடு கிடைத்தது. கி.மு. 87-இல் எழுந்த வாய்க்கால் வழக்கு ஒன்றன் தீர்ப்பு அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. 1993-இல் எப்ரோ ஆற்றுப் படுகையில் கிடைத்த மற்றொரு தகடு, ரோமானியர் கால உழவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட வாய்க்கால் விதிகளைக் கூறுகின்றது. எனவே, ஸ்பெயினின் மண்ணுக்கு வாய்க்காலை அறிமுகம் செய்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர்.

பலன்ஸியா நகரத் தேவாலய வாயிலில் வியாழன்தோறும் கூடும் நீர் நடுவர் மன்றத்தை கி.பி. 960-இல் கலீஃபாவே நிறுவினார் என்பர். 1960-இல் அதற்கு ஆயிரமாண்டு விழாவும் எடுத்தனர். ஆனால் 960 என்னும் ஆண்டிற்கு அக்கால ஆவணம் ஏதுமில்லை. அது பிற்காலத்தார் கணிப்பு. உறுதியான சான்று வேறொன்றுண்டு. 1238-இல் அந்நகரை வென்ற கிறித்தவ மன்னர் ஜைமே, மறு ஆண்டே பிறப்பித்த ஆணையில், முஸ்லிம்கள் காலத்தில் எவ்வாறு வழங்கிற்றோ அவ்வாறே நீரைப் பங்கிட்டுக்கொள்ளுமாறு பணித்தார். வாளால் வென்றவர் வாய்க்கால் முறையை மாற்றத் துணியவில்லை. ஆதாரமற்ற ஆண்டைக் காட்டிலும் இவ்வாணை நமக்குப் பெருமை தருவதன்றோ?

அவ்வாறாயின் எஞ்சுவது யாது? எஞ்சுவது சிறிதன்று.

கரும்பு, கத்தரி, புளிப்பு ஆரஞ்சு, அரபியர் 'இஸ்பனாக்' என்றழைத்த கீரை ஆகியவை முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினில் பயிரானதற்குச் சான்றில்லை. நெல்லை ரோமானியர் அறிந்திருந்தனர். ஆயினும் அதனை ஸ்பெயினில் விளைவித்தாரில்லை. ஸ்பானிய மொழியே இதற்குச் சாட்சி. அரிசிக்கு 'அரோஸ்', சர்க்கரைக்கு 'அஸூகர்', பருத்திக்கு 'அல்கோதோன்', வாய்க்காலுக்கு 'அஸேகியா', நீர் இறைக்கும் சக்கரத்திற்கு 'நோரியா' என்பன யாவும் அரபுச் சொற்களின் மருஉ. கி.பி. 961-ஐ ஒட்டிக் குர்துபாவில் தொகுக்கப்பட்ட பஞ்சாங்கம் கரும்பும் பருத்தியும் நடும் காலத்தைக் குறிக்கின்றது. அதனுடன் இணைத்துப் பேசப்படும் இருவருள் ஒருவர் முஸ்லிம், மற்றவர் கிறித்தவப் பேராயர் என்பதும் கருதத்தக்கது.

இப்பயிர்கள் பலவும் வெப்பநாட்டுப் பயிர்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தது. கோடையில் நிலம் பெரிதும் தரிசாய்க் கிடந்தது. கோடையிலும் நீர் பாய்ச்சி இப்பயிர்களை விளைத்ததனால் ஒரே நிலம் இருபோகம் தரலாயிற்று. தனித்தனி விதைகளினும் இம்முறையே பெரிய கொடை.

அக்கொடையிலும் நமக்கு முந்தியோர் பங்குண்டு. 'சுக்கர்' என்ற அரபுச் சொல் பாரசீகத்தின் வழியே வடமொழிச் 'சர்க்கரா'வினின்று சென்றது. 'நாரஞ்ஜ்' என்பதன் வேர் திராவிட மொழிகளில் இருத்தல் கூடும் என மொழியறிஞர் கருதுவர். நம் நாரத்தையும் அவ்வினமே. அரபியர் பெற்றனர், பேணினர், பெருக்கினர், பிறர்க்களித்தனர்.

இதனை மறைக்க அவர்கள் முயன்றதுமில்லை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தம் 'கிதாபுல் ஃபிலாஹா'வில் 585 தாவரங்களைப் பற்றி எழுதினார். கிரேக்கர், நபத்தேயர், தமக்கு முந்திய அந்தலுஸ் அறிஞர் என யாரிடமிருந்து எதனைக் கொண்டார் என்பதை அவர் பெயர் சுட்டியே கூறுகின்றார். தாமே பலமுறை செய்து பாராத எதனையும் தம் கருத்தாகச் சேர்க்கவில்லை என்றும் முன்னுரையில் உறுதி தருகின்றார். 1802-இல் மாத்ரிதில் இந்நூல் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. அவர் சொன்ன நன்றியை அவர் பெயரால் பேசும் நாம் விழுங்கலாமா?

இறுதியாக ஒரு சான்று. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம் வழியினரை நாடு கடத்த மன்னர் மூன்றாம் பிலிப் முடிவு செய்தார். 1609 செப்டம்பர் 22-இல் பலன்ஸியாவில் அவ்வாணை அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் 1614-க்குள் வெளியேற்றப்பட்டனர். அவ்வாணையிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: வீடுகளையும் சர்க்கரை ஆலைகளையும் நெல் விளைச்சலையும் வாய்க்கால்களையும் காக்க, நூறு குடும்பத்திற்கு ஆறு குடும்பம் தங்கலாம். அவர்கள் போனபின் ஸ்பெயின் பாலையாயிற்று என்பதும் மிகையே. பல சிற்றூர்கள் பாழடைந்தன, எனினும் பலன்ஸியாவை அடுத்த அல்புஃபேரா ஏரியோரம் இன்றும் நெல் விளைகின்றது. ஆனால், வெளியேற்ற வந்தவரே அக்கைகளின் திறனை எழுத்தில் ஒப்புக்கொண்டதற்கு மேல் நமக்கு வேறு நற்சான்று வேண்டுமோ?

மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்போரைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதனாற் பயனிருக்குமெனத் தாம் எண்ணவில்லை என்றார்கள். மக்கள் அதனை விட்டனர், விளைச்சல் குறைந்தது. செய்தி எட்டியபோது, உலக அலுவலை நீங்களே நன்கறிவீர்கள் என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். உழவைப் பற்றிய பேச்சில் வயலின் சாட்சிக்கு இடந்தந்த நபியின் உம்மத் நாம். முன்னோர் புகழைப் பேசும்போது சான்றுள்ளதைத் துணிந்து சொல்வோம், இல்லாததை விட்டுவிடுவோம். மிகையைக் களைந்த பின்னும் அந்தலுஸின் களத்தில் நெல் குவிந்தே கிடக்கின்றது.