அனுமதிக்கு முன்பே முளைத்த பருத்தி

இந்தியாவில் மரபணு மாற்றுப் பயிர் எப்போது வந்தது என்று கேட்டால், 2002 மார்ச் 26 என்பார்கள். தேர்வில் அப்படி எழுதினால் மார்க் கிடைக்கும். குஜராத் வயல்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

சட்டம் முன்பே இருந்தது. 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் விதிகள் வந்தன, ஜி.இ.ஏ.சி. என்ற அனுமதிக் குழுவும் அமைந்தது. மஹிகோ நிறுவனம் மான்சான்டோவுடன் சேர்ந்து பி.டி. பருத்தியைக் கொண்டுவந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு செடிக்குள் இருக்கும். அது உண்டாக்கும் புரதத்தைத் தின்ற காய்ப்புழு சாகும். மகரந்தம் பக்கத்து வயலுக்குப் போனால் என்ன ஆகும், புழு இதற்குப் பழகிவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. 2001 ஜூனில், இன்னும் ஓராண்டு சோதனை நடத்துங்கள் என்றது குழு.

அதே ஆண்டு குஜராத்தில் காய்ப்புழு பருத்தியைச் சூறையாடியது. நடுவே சில வயல்கள் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றன. விதையின் பெயர் நவ்பாரத் 151. சாதாரண வீரிய ஒட்டு ரகம் என்று விற்கப்பட்ட அதைப் பரிசோதித்தால், உள்ளே அதே பி.டி. மரபணு!

பிடுங்கி எரியுங்கள் என்று அக்டோபரில் குழு உத்தரவிட்டது. யார் எரிப்பது? விளைந்ததில் பெரும்பகுதி அதற்குள் சந்தைக்குப் போய்விட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள். மாநில அரசும் தீப்பெட்டியைக் கையில் எடுக்கவில்லை. ஐந்து மாதத்தில் மஹிகோவின் மூன்று ரகங்களுக்கு, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அனுமதி கிடைத்தது. குழு முடிவெடுத்தது என்பதைவிட, வயலில் ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவில் கையெழுத்துப் போட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கையெழுத்தோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. என்னைப் போன்ற காமர்ஸ் மாணவனுக்கு இதுதான் சுவாரசியம். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தருவார்கள். அதை வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது 20 சதவீத நிலத்தில், எது அதிகமோ அந்த அளவுக்கு விதைக்க வேண்டும். அங்கே விஷம் படாமல் வளரும் புழுக்கள், பி.டி.யில் தப்பிய ஒன்றிரண்டோடு இணைசேரும். எதிர்ப்புச் சக்தி பரவுவது தள்ளிப்போகும். நல்ல யோசனைதான். ஆனால் நஷ்டம் என் நிலத்தில், லாபம் ஊருக்கெல்லாம் என்றால் யார் செய்வார்கள்? அதுவும் ஒரு பாக்கெட் 1,600 ரூபாய் கொடுத்து வாங்கியவர், புழுவுக்கென்று நிலம் ஒதுக்குவாரா? அந்தச் சின்னப் பாக்கெட்டைப் பலர் தூக்கிப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழப்பை ஈடுகட்ட எந்த ஏற்பாடும் இல்லாமல் விதி எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

விலைக்குக் கடிவாளம் போட ஆந்திர அரசு 2006-ல் எம்.ஆர்.டி.பி. ஆணையத்துக்குப் போனது, பாக்கெட் 750 ரூபாய்க்கு இறங்கியது. (எங்கள் பாடத்தில் எம்.ஆர்.டி.பி. பழைய கதையாக இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு ஆசிரியராவது இதைச் சொல்லியிருக்கலாம்!) விலை இறங்கியதும் பரப்பு இன்னும் வேகமாக ஏறி, பத்தே ஆண்டில் நாட்டின் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்தைத் தாண்டியது. புழுவுக்கு வேறு சாப்பாடே இல்லை.

2010-ல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது: குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.யை வென்றுவிட்டது. அடுத்து வந்த இரண்டு மரபணு ரகத்தையும் சில ஆண்டுகளில் அது தாண்டியது. பூச்சிமருந்து டப்பாக்கள் மறுபடி வயலுக்கு வந்தன.

அதே 2010 பிப்ரவரியில், ஏழு நகரங்களில் மக்களைக் கேட்டபின் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தார். பருத்திக்கு அப்படி யாரையும் கேட்கவில்லை.

2019 ஜூனில் மகாராஷ்டிராவின் அகோலா மாவட்டத்தில், அனுமதி இல்லாத களைக்கொல்லி தாங்கும் பருத்தியை விவசாயிகள் பகிரங்கமாக, ஆளைக் கூட்டி விதைத்தார்கள். அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். வழக்கும் பதிவானது.